பிணை நின்ற சர்க்கார்

பிறர் கடனுக்குப் பிணைக் கையொப்பம் இடுவதன் பளுவை நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஒரு சர்க்காரே ஒரு தனியார் மோட்டார் கம்பெனிக்குப் பிணை நின்ற வரலாற்றை இம்மாதம் ஆராய்வோம்.

அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி 1979இல் ஏறத்தாழ 110 கோடி டாலர் நஷ்டமடைந்தது. ஈரான் புரட்சியை ஒட்டிப் பெட்ரோல் விலை ஏறவே, பெரிய கார்களை வாங்குவோர் குறைந்தனர். ஆனால் நோய் அதற்கும் முந்தியது. விற்பனையாளர் கேட்கும் முன்பே கார்களைச் செய்து மைதானங்களில் நிறுத்திவைப்பது அக்கம்பெனியின் வழக்கம். ஆர்டரின்றி நெய்த சேலை தேங்கினால் என்னவாகும் என்பதை நெசவாளர் அறிவர். சேலையாவது அலமாரியில் இருக்கும், கார்களோ வெயிலிலும் மழையிலும் நின்றன!

கம்பெனித் தலைவர் லீ அயகோக்கா சர்க்காரின் உதவியை நாடினார். செனட் சபையின் வங்கிக் கமிட்டித் தலைவர் வில்லியம் பிராக்ஸ்மயர் எதிர்த்தார். சிறு வியாபாரிகள் நொடிக்கும்போது வாராத சர்க்கார், பெரியவன் விழும்போது மட்டும் ஏன் ஓடிவர வேண்டும் என்பது எதிர்த்தோர் கேள்வி. வேலையிழக்கும் குடும்பங்களின் கதி என்ன என்பது ஆதரித்தோர் கேள்வி. இரண்டிலும் நியாயம் உண்டு. எனினும் முதற்கேள்விக்கு நேரான விடை கிடைத்ததாக நாம் காணோம்.

ஜனாதிபதி கார்ட்டர் 1980 ஜனவரியில் கையொப்பமிட்ட சட்டம் ரொக்கம் எதுவும் வழங்கவில்லை. வெளியார் தரும் கடனுக்கு 150 கோடி டாலர் வரை பிணை மட்டுமே ஏற்றது. அதற்கும் நிபந்தனைகள் இருந்தன. பழைய கடன் கொடுத்த வங்கிகள் விட்டுக்கொடுக்க வேண்டும், தொழிற்சங்கத்தார் 46.25 கோடி டாலர் அளவுக்குக் கூலியையும் சலுகைகளையும் துறக்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர் டக்ளஸ் பிரேசருக்கு நிர்வாக சபையில் இடம் கிடைத்தது. அப்படியும் பல்லாயிரவர் வேலையிழந்தனர் என்பதை மறைக்கலாகாது.

கம்பெனி 120 கோடி டாலரே எடுத்தது. 1983இல், தவணைக்கு ஏழாண்டு முன்னதாகவே அடைத்தது. நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பின்னரே வருகிறது. பிணைக்கு ஈடாக, 1.44 கோடி பங்குகளைப் பங்கு ஒன்றுக்கு 13 டாலர் வீதம் வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சர்க்கார் எழுதி வாங்கியிருந்தது. பங்கின் விலை ஏறியதும், அவ்வுரிமையைக் கைவிடுமாறு கம்பெனி கேட்டது. சர்க்கார் இணங்கவில்லை, உரிமையை ஏலத்தில் விட்டது. கம்பெனியே சுமார் 31 கோடி டாலர் கொடுத்து அதை எடுக்க நேர்ந்தது.

2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது முறை மாறிற்று. சர்க்கார் சுமார் 4,950 கோடி டாலரை நேராகவே இறக்கி, புதிய கம்பெனியில் நூற்றுக்கு 61 பங்கைப் பெற்றது. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கையும் விற்றபோது, போட்டதில் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் திரும்பவில்லை. தப்பிய வேலைகளை வரவில் சேர்ப்பதா என்ற வழக்கு அந்நாட்டில் இன்னும் ஓயவில்லை.