முதுகுத்தண்டு நீர் சொல்லும் செய்தி

 

வீட்டுப் பெரியவர்களின் தடுமாற்றத்தை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவது நம்மிடையே வழக்கம். சிலர் உடனே "அல்ஸைமர்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். இந்த இரண்டும் அல்லாத இன்னொரு காரணமும் உண்டு. அதன் பெயர் செரிப்ரல் அமிலாய்டு ஆஞ்சியோபதி, சுருக்கமாக சி.ஏ.ஏ. இந்த மாத மருத்துவப் பாடத்தில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

நோய் எது?

மூளையில் அன்றாடம் உருவாகும் பீட்டா அமிலாய்டு என்ற புரதம் அவ்வப்போது வெளியேறிவிட வேண்டும். அது வெளியேறும் பாதைகளில் ஒன்று இரத்தக் குழாய்களின் சுவர். முதுமையில் இந்த வெளியேற்றம் குறையும்போது புரதம் மூளையின் மேற்பரப்பிலுள்ள சிறு குழாய்களின் சுவரிலேயே படிகிறது. படியப் படியச் சுவர் நொய்ந்து இரத்தம் கசிகிறது. கசிவு சிறியதாக இருந்தால் வெளியே எதுவும் தெரியாது. பெரியதாக இருந்தால் பக்கவாதமாக வெளிப்படும்.

அல்ஸைமரிலும் இதே அமிலாய்டுதான் சேர்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் 42 என்ற வகை நரம்பணுக்களுக்கு இடையில் படிகிறது. சி.ஏ.ஏ.யில் 40 என்ற வகை குழாய்ச் சுவரில் அதிகம் படிகிறது. ஒரே நபருக்கு இரண்டு நோயும் சேர்ந்திருப்பதும் உண்டு.

அறிவாற்றலில் தெரியும் மாற்றம்

ஆண்டுதோறும் ஜகாத் கணக்கைத் தானே போட்டு வந்த ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். பேரப்பிள்ளைகளின் பெயர்களும் நேற்று வந்த விருந்தாளியும் அவருக்கு நினைவிருக்கின்றன. ஆனால் ஒரு மணி நேரத்தில் முடித்த கணக்கு இப்போது மூன்று நாள் இழுக்கிறது. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தடுமாறுகிறார். சி.ஏ.ஏ.யில் இப்படிச் சிந்தனையின் வேகமும் திட்டமிடும் திறனுமே பெரும்பாலும் முதலில் குறைகின்றன. அல்ஸைமரிலோ, புதிதாக நடந்தது மனதில் தங்காமல் போவதே முதலில் தெரியும். சி.ஏ.ஏ. உள்ளவருக்கு மறதியும் பலமாக இருந்தால், அல்ஸைமரும் கூடவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கை விரலில் தொடங்கி முகம் வரை பரவும் மதமதப்பு சில நிமிடங்களில் தானாக அடங்குவதும் இந்நோயின் ஓர் அடையாளம். ஆனால் பக்கவாதத்தின் முன்னெச்சரிக்கையும் இப்படியே வரக்கூடும். எனவே சரியாகிவிட்டது என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தண்டு நீர்ப் பரிசோதனை

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தெளிந்த நீரில் மூளைப் புரதங்கள் கலந்திருக்கின்றன. அமிலாய்டு வழியில் சிக்கிக்கொண்டால் இந்த நீருக்கு வந்து சேரும் அளவு குறையும். அல்ஸைமரில் 42 குறைகிறது. 40 பெரும்பாலும் குறைவதில்லை. சி.ஏ.ஏ.யில் இரண்டுமே குறைகின்றன. நரம்பணுச் சேதத்தைக் காட்டும் டௌ புரதம் அல்ஸைமரில் நன்றாக உயரும், சி.ஏ.ஏ.யில் அந்த அளவுக்கு உயர்வதில்லை.

இதற்கு வலுவான சான்று நெதர்லாந்தின் கட்வைக் என்ற கடலோர ஊரிலிருந்து கிடைத்தது. அங்கே சில குடும்பங்களில் சி.ஏ.ஏ. மரபணு வழியாகத் தொடர்கிறது. பெற்றோரில் ஒருவரிடம் அந்த மரபணு மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாற்றம் இருந்தும் இன்னும் அறிகுறி தோன்றாதவர்களின் தண்டு நீரிலேயே 40, 42 இரண்டும் குறைந்திருந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. அறிகுறிகளுக்கு முன்பே நோய் தொடங்கிவிடுகிறது என்பது இதிலிருந்து புரிகிறது.

ஆனால் இந்தப் பரிசோதனை எம்.ஆர்.ஐ.க்குத் துணையே தவிர மாற்று அல்ல. நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் பயன்படுத்தும் பாஸ்டன் அளவுகோல், 2022இல் வந்த திருத்தப் பதிப்பிலும், எம்.ஆர்.ஐ. படத்தையே முதன்மையாகக் கொள்கிறது.

"முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்" என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழேதான் போடப்படுகிறது. சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி வரலாம். மூளையில் அழுத்தம் கூடியிருந்தால் இது ஆபத்தாகலாம். அதனால்தான் தேவைப்படுவோருக்கு முதலில் ஸ்கேன் எடுக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

* படிந்த புரதத்தைக் குழாயிலிருந்து நீக்கும் மருந்து இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதே முக்கியப் பாதுகாப்பு.
* இரத்தத்தை இளக வைக்கும் மாத்திரை சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது, தாமாகத் தொடங்கவும் கூடாது.
* அல்ஸைமருக்கான லெக்கனெமாப், டொனனெமாப் ஊசிகள் சி.ஏ.ஏ. உள்ளவர்களுக்கு மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாக்கும் அபாயம் அதிகம். நோயைச் சரியாகப் பிரித்தறிவது இதற்காகவும் அவசியம்.
* ரமளானில் மாத்திரை நேரத்தை ஸஹர், இஃப்தாருக்கு மாற்றலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்புக்காக மருந்தை விட வேண்டியதில்லை.

முதுமையடைந்த பெற்றோரிடம் சலிப்பைக்கூடக் காட்டாதீர்கள் என்பது திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளை. பதில் சொல்லத் தாமதிக்கும் பெரியவருக்கு அவகாசம் கொடுப்பதும், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்பதும் அந்தக் கட்டளையைப் பேணும் வழிகளே. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண நலம் அருள்வானாக. ஆமீன்.