அறுபது பில் போதும்: கணக்குச் சோதனையில் குலுக்கல் முறை

ஆண்டு முடிந்து ஆடிட்டர் வந்து உட்காரும்போது எல்லாப் பில்களையும் பார்ப்பதில்லை. சிலவற்றை எடுத்துப் பார்த்து, மற்றவை எப்படி இருக்கும் என்று முடிவுக்கு வருகிறார். இதையே வணிகர்களாகிய நாமும் நம் கடையில் முன்கூட்டியே செய்துகொண்டால், பிற்பாடு வரியும் வட்டியுமாகக் கட்டும் நிலை பெரும்பாலும் வராது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஒரே உலையில், ஒரே தீயில் வெந்ததால் அது சரி. பில்கள் அப்படியல்ல. திங்கட்கிழமை பதிந்தவர் ஒருவர், சனிக்கிழமை பதிந்தவர் இன்னொருவர். மேலாக இருக்கும் கட்டிலிருந்து பத்தைப் புரட்டினால் அந்தக் கட்டின் கதைதான் தெரியும். கணக்குப்பிள்ளையையே எடுத்துத் தரச் சொன்னால் நல்லதாகப் பார்த்துத்தான் தருவார். அது மனித இயல்பு.

ஆகவே எந்தப் பில் வர வேண்டும் என்பதை நாமும் தீர்மானிக்கக் கூடாது, அவரும் தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். பாடப் புத்தகங்களில் இதைச் சமவாய்ப்பு மாதிரி என்பார்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் 530ஆம் எண் தணிக்கைத் தரமும், ஒவ்வொரு உருப்படிக்கும் தேர்வாக ஒரு வாய்ப்பு இருக்கும்படி மாதிரி எடுக்கச் சொல்கிறது.

எடுக்கும் முறை

ஆண்டுக் கொள்முதல் பில் 3,600 என்று வைத்துக்கொள்வோம். முதலில் 1 முதல் 3,600 வரை வரிசை எண் இடவேண்டும். 0 முதல் 9 வரை எழுதிய பத்துச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி நான்கு முறை எடுத்தால் நான்கு இலக்க எண் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். 3,600க்கு மேற்பட்டது, நான்கும் பூஜ்யமாக வந்தது, ஏற்கெனவே வந்தது ஆகியவற்றைத் தள்ளிவிட்டு 60 எண்கள் சேரும்வரை எடுக்கலாம். கம்ப்யூட்டர் உள்ளவர்கள் எக்செலில் ராண்ட்பிட்வீன் கட்டளை கொடுத்தால் நொடியில் முடியும்.

அறுபதுக்கு ஒன்றாக எண்ணி எடுத்தால் என்ன என்று கேட்கலாம். நாளைக்குப் பத்துப் பில், வாரத்தில் ஆறு நாள் வியாபாரம் என்றால், ஒவ்வொரு அறுபதாவது பில்லும் ஒரே கிழமையில்தான் விழும். மற்ற ஐந்து நாட்களின் தவறு கண்ணில் படாது.

பார்க்க வேண்டியவை

1. சரக்கு வந்ததற்குக் கிடங்குப் பொறுப்பாளரின் கையெழுத்து இருக்கிறதா?

2. உள்ளீட்டு வரி எடுத்த பில், ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யில் வந்திருக்கிறதா?

3. பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் பணம் கொடுத்தாயிற்றா? இல்லையேல் எடுத்த வரியை வட்டியுடன் திருப்பிக் கட்ட நேரும்.

4. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்திருக்கிறதா? விவசாயியிடம் நேரே வாங்கிய விளைபொருள் போன்ற விலக்குகள் தவிர, மற்றவற்றை வருமான வரியில் செலவாக ஏற்கமாட்டார்கள்.

இங்கே பார்ப்பது தொகையை அல்ல, ஒழுங்கை. 200 ரூபாய்ப் பில்லில் கையெழுத்து இல்லாவிட்டாலும் அது ஒரு தவறுதான். பில் கிடைக்கவில்லையா? அதையும் தவறாகவே எண்ண வேண்டும். பக்கத்துப் பில்லை எடுத்து ஈடுகட்டக் கூடாது. முறையாக ரத்துச் செய்த பில்லாக இருந்தால் மட்டும் வேறொரு எண் எடுக்கலாம்.

விடையைப் படிப்பது

60ல் ஒரு தவறும் இல்லையென்றால், மொத்தத்தில் தவறு 5 சதவீதத்துக்கு மேல் இராது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உறுதியாகச் சொல்லலாம். தவறே இல்லை என்று அர்த்தமல்ல. 3,600ல் 180 வரைகூட இருக்கலாம். ஒன்று அகப்பட்டால் அந்த எல்லை சுமார் 8 சதவீதம். இரண்டு அகப்பட்டால் சுமார் 10 சதவீதம், அதாவது 360 பில். "இரண்டுதானே" என்று விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான். பில் 36,000 ஆனாலும் இதே கணக்கு ஏறக்குறைய பொருந்தும். பெரிய கடைக்குப் பத்து மடங்கு உழைப்பு வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. எங்கோ ஒரு பில்லில் நடந்த பெரிய மோசடியைக் குலுக்கல் பிடித்துத் தரும் என்று நம்ப வேண்டாம். பெருந்தொகைப் பில்களைத் தனியே பிரித்து ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு நன்மையும் உண்டு. நாமே பில்லைத் தேடி எடுத்தால், "முதலாளி நம்மைச் சந்தேகப்படுகிறார்" என்று வருஷக்கணக்கில் உழைத்தவர் மனம் நோகும். சீட்டு எடுத்துக் கொடுத்த எண்ணில் யாருக்கும் வருத்தமில்லை. சீட்டை அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். தவறு வந்தால் ஆளைக் கடிந்துகொள்ளுமுன், அந்த வேலை எந்த இடத்தில் தடைபடுகிறது என்று பாருங்கள்.

உறுப்பினர்கள் அரையாண்டுக்கு ஒருமுறை இதைச் செய்து, முடிவைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.