கால்கள் ஊரில் கிடைக்கும், கண்கள் பந்தயத்தில் கிடைக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் மற்றதெல்லாம் சரி. ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. "பினியம் கிர்மாய் ஏழாயிரத்து ஐந்நூறு அடி உயரத்தில் பிறந்து வளர்ந்தவர், அந்த நுரையீரல் நமக்கு ஏது சார்?" என்று எழுதியிருக்கிறாய். இதை நீ மட்டும் சொல்லவில்லை. தொலைக்காட்சியில் வர்ணனை செய்கிறவர்கள் சொல்கிறார்கள், பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள். ஓர் இளைஞன் வெளிநாடு போய்ப் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கற்ற வித்தையை அவன் பிறந்த மலையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உன் வாதத்தைப் பார்ப்போம். அந்தச் சைக்கிள் வீரரின் ஊரான, எரித்ரியாவின் தலைநகர் அஸ்மாரா கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேல் இருப்பது உண்மை. உயரத்தில் வாழ்பவர்களின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடுவதும் உண்மை. மலையேற்றத்தில் அது உதவும். கொலம்பியாவின் மேட்டுநிலத்திலிருந்து வந்து 2019-இல் டூர் டி பிரான்ஸை வென்ற ஏகான் பெர்னாலை வைத்து நீ அப்படி வாதாடியிருந்தால் பாதியாவது ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் பினியம் மலையேற்றக்காரர் அல்ல, ஸ்பிரிண்ட் வீரர். 2024 டூரில் துரின், கொலம்பே, வில்நெவ் சுர் லோ ஆகிய ஊர்களில் முடிந்த மூன்று கட்டங்களை வென்றார். மூன்றுமே கடைசி சில நூறு மீட்டரில் தோளோடு தோள் உரசித் தீர்மானமானவை. டூரில் ஒரு கட்டம் வென்ற முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் அவர்தான். அதிகப் புள்ளி எடுத்தவருக்கான பச்சை ஜெர்சியையும் அவரே கொண்டுபோனார். அந்தக் கடைசி முந்நூறு மீட்டரில் மலைநாட்டு நுரையீரல் என்ன செய்துவிடும்?

பக்கத்து எத்தியோப்பியாவிலும் அதே உயரம்தான், அதே காற்றுதான். அங்கே உலகை வென்ற ஓட்டக்காரர்கள் வந்தார்கள், எரித்ரியாவில் சைக்கிள் வீரர்கள் வந்தார்கள். வித்தியாசத்தை நுரையீரலில் தேடாதே, தெருவில் தேடு. இத்தாலியர் ஆண்ட காலத்தில் வந்த சைக்கிள் பந்தயத்தை எரித்ரியர்கள் தமதாக்கிக்கொண்டார்கள். 1946-லேயே நாட்டைச் சுற்றும் பந்தயம் நடந்திருக்கிறது. அஸ்மாராவின் நடுத்தெருவை அடைத்துப் பந்தயம் விடுவது அங்கே ஊர்த் திருவிழா. 2015 டூரில் டானியல் தெக்லஹைமனோட் மலை மன்னனுக்கான புள்ளி ஜெர்சியை அணிந்தபோது பினியமுக்குப் பதினைந்து வயது. ஆசை அங்கே விளைகிறது, கால்களும் அங்கேதான் விளைகின்றன. பிறகு எதற்கு வெளிநாடு? உன் கேள்வி அதுவாக இருந்திருக்க வேண்டும்.

2018-இல் பினியம் சுவிட்சர்லாந்தின் ஏக்ல் என்ற சிற்றூருக்குப் போனார். ரோன் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊர். சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் உலகப் பயிற்சி மையம் 2002-இலிருந்து அங்கே இயங்குகிறது. 200 மீட்டர் மரத்தளப் பாதை, தங்குமிடம், பயிற்சியாளர்கள் என்று எல்லாம் உண்டு. பந்தய அமைப்பு வலுவாக இல்லாத நாடுகளின் பிள்ளைகளை அந்தந்த நாட்டுச் சம்மேளனங்கள் முன்மொழிந்து அனுப்புகின்றன. அதே ஆண்டில் பெல்ஜியத்தில் இளையோருக்கான பல கட்டப் பந்தயம் ஒன்றில், ஒரு கட்டத்தில் ரெம்கோ எவெனெபூலை முந்தி வென்றார் பினியம். அதே 2018-இல் சாலைப் பந்தயம், தனிநேரப் பந்தயம் இரண்டிலும் இளையோர் உலகப் பட்டம் வென்றவர் அந்த எவெனெபூல். ஆக, கால்களை அவர் ஊரிலிருந்தே கொண்டுவந்துவிட்டார். கூட்டத்துக்குள் ஓட்டும் வித்தையைத்தான் அங்கே போய்க் கற்க வேண்டியிருந்தது. பெலோட்டான் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பெருங்கூட்டத்தைப் பார்சலில் கட்டி உன் வீட்டுக்கு அனுப்ப முடியாது. நீதான் அதைத் தேடிப் போகவேண்டும்.

நீ ஓயாமல் எழுதி அனுப்பும் வாட்ஸ் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வை. சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது உன் உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கைக் காற்றே தின்கிறது. காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும். ஓராண்டு உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தாலும் அவ்வளவு கூடாது. மறுபக்கம் பார். காற்றியக்க ஆய்வாளர் பெர்ட் பிளாக்கனும் அவர் குழுவும் 121 பேர் கொண்ட பெலோட்டானை ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூட்டத்தின் உள்ளே நல்ல இடத்தில் இருப்பவர் மீது விழும் காற்றுத்தடை, தனியாக ஓட்டுபவர் மீது விழுவதில் ஐந்து முதல் பத்து சதவீதம்தான் என்று கண்டார்கள். இடம் பிடிக்கத் தெரிந்தவன் நாலு மணி நேரம் கால்களைச் சேமித்து வைக்கிறான். தெரியாதவன் அந்த நாலு மணி நேரமும் செலவழிக்கிறான். கடைசி முந்நூறு மீட்டரில் யார் பலசாலி என்று இப்போது சொல்.

எதிர்க்காற்றில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போவது உனக்குத் தெரியும், அதை விடு. பக்கக் காற்றுக்கு வருகிறேன். சைக்கிள் பந்தயத்தின் முழு அறிவும் பக்கக் காற்றில்தான் இருக்கிறது என்பது என் நெடுநாள் கருத்து. அதை யாரும் இதுவரை மாற்றவில்லை.

இடப்பக்கமிருந்து காற்று அடிக்கிறது என்று வை. அப்போது ஒதுக்கிடம் முன்னால் போகிறவரின் நேர்பின்னால் கிடைக்காது, வலப்புறமாகச் சற்றுப் பின்னால் கிடைக்கும். ஆகவே முன்னவர் சாலையின் இட விளிம்பைப் பிடிப்பார். அடுத்தவர் அவருக்கு வலப்பின்னே, அதற்கடுத்தவர் அவருக்கும் வலப்பின்னே என்று வரிசை சாய்ந்து விசிறிபோல விரியும். முன்னால் இருப்பவர் சில நொடிகள் காற்றைத் தாங்கிவிட்டு, காற்று வரும் பக்கமாகவே விலகிப் பின்வாங்குவார், அடுத்தவர் அந்த இடத்துக்கு வருவார். இதுவரை எளிது. ஆனால் சாலைக்கு அகலம் என்று ஒன்று உண்டு. கிராமத்துச் சாலையில் பத்துப் பன்னிரண்டு பேரோடு விசிறி முடிந்துபோகும். பதின்மூன்றாவது ஆளுக்கு ஒதுங்கச் சாலை இல்லை. வலது ஓரத்துச் சாக்கடை விளிம்பில், முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு, முன்சக்கரத்தை விடாமல் பிடித்துத் தொங்கவேண்டும். அவன் பின்னால் நூறு பேர் அதே ஓரத்தில் ஒற்றை வரிசையில் வதைபடுவார்கள். ஒருவன் சோர்ந்து மூன்று மீட்டர் இடைவெளி விட்டால் போதும், அவனுக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் பந்தயம் முடிந்தது. சரியான வழி, பின்னால் இருப்பவர்கள் உடனே தங்களுக்குள் இரண்டாவது விசிறி அமைத்துக்கொள்வது. அதைச் செய்யப் பழக்கம் வேண்டும், முன்பின் தெரியாதவனை நம்பும் நெஞ்சுரமும் வேண்டும்.

இன்னும் கேள். முதல் விசிறியில் இடம் வேண்டுமென்றால் காற்று அடிக்கத் தொடங்கிய பிறகு முன்னேறிப் பயனில்லை. எந்த முச்சந்தியில் சாலை திரும்பிக் காற்று பக்கவாட்டில் வரப்போகிறது என்று முன்பே தெரிந்து, அதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே முன்வரிசைக்கு வந்துவிட வேண்டும். அங்கே இருக்கும் நூற்றைம்பது பேருக்கும் இது தெரியும். அதனால் காற்றே இல்லாத அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் முழங்கை மோதலும் கூச்சலும் விழுதலும் நடக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவன், சும்மா போகிற சாலையில் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பான்.

2013 டூரின் பதின்மூன்றாவது கட்டம் சாந்தமான் மோன்ரோன் ஊரில் முடிந்தது. மலை கிடையாது, தட்டையான சாலை. பக்கக் காற்றில் கூட்டம் உடைந்தது. முன்னணி வீரருக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த கிறிஸ் ஃபுரூம் முன் விசிறியில் இல்லை. அவருடைய போட்டியாளர் காண்டடோர் இருந்த குழுவிடம் ஒரு நிமிடம் 9 நொடி இழந்தார். அந்த ஆண்டு மலைகளில் ஃபுரூமின் மஞ்சள் ஜெர்சியை யாராலும் பறிக்க முடியவில்லை, டூரையும் அவரே வென்றார். அப்படிப்பட்ட கால்களுக்கே அந்தத் தட்டைச் சாலையில் அந்தக் கதி. 2015-இல் பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் கெரெய்ன்ட் தாமஸைக் காற்றே தூக்கிச் சாலையோரப் பள்ளத்தில் போட்டது. அன்று முடித்தவர்கள் 39 பேர்தான். தாமஸ் எழுந்து ஓட்டி மூன்றாவதாக வந்தார்.

ஃபுரூம் பெயரை எடுத்ததால் அவருடைய 'தி கிளைம்ப்' என்ற தன்வரலாற்றைச் சொல்ல வேண்டும், கட்டாயம் படி. நைரோபியில் பிறந்து சைக்கிள் கற்றவர். 2006-இல் சால்ஸ்பர்க் உலகப் போட்டியின் 23 வயதுக்குட்பட்டோர் தனிநேரப் பந்தயத்துக்கு வந்தார். புறப்பட்ட சற்று நேரத்திலேயே சாலையில் நின்ற நடுவர் மீது மோதி விழுந்தார். மறுவருடம் இதே ஏக்ல் மையத்தில் சேர்ந்தார். டிம் கிராபே என்ற டச்சு எழுத்தாளரின் 'தி ரைடர்' நாவலையும் சேர்த்துப் படி, 1978-இல் வந்தது. தென் பிரான்சின் மலைப்பகுதியில் நடக்கும் ஒரே ஒரு பந்தயம்தான் கதை. கிராபே சதுரங்கமும் ஆடியவர். அவருடைய வீரன் தன் கால்களைப் பற்றி நினைப்பதைவிட மற்றவர்களைப் பற்றிக் கணிப்பதே அதிகம். யார் ஒளிக்கிறான், யார் நடிக்கிறான், யாருக்கு உண்மையிலேயே முடியவில்லை என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நான் சொல்ல வருவதும் இதுதான். வெளிநாடு உனக்குத் தரப்போவது கண்கள். புதிதாய்க் கூட்டத்தில் நுழைகிறவன் முன்சக்கரத்தையே வெறித்துப் பார்ப்பான். பழகியவன் நாலு பேர் முன்னால் இருப்பவரின் இடுப்பைப் பார்ப்பான். இடுப்பு இருக்கையிலிருந்து எழுந்தால் இரண்டு நொடியில் வேகம் கூடப்போகிறது, ஒரு முழங்கை விரிந்தால் அந்தப் பக்கம் இடைவெளி அடைபடப் போகிறது. தேர்வடம் பிடித்துப் பழகியவருக்குத் தேர் அசையப்போவது கையிலேயே தெரிவதுபோல, இது உடம்பில் ஏறும் அறிவு. யாரும் சொல்லிக்கொடுத்து வராது. பெல்ஜியக் கிராமங்களில் கோடை முழுக்க, ஊரையே சுற்றிச் சுற்றி ஓட்டும் கெர்மஸ் பந்தயங்கள் நடக்கும். நூறு நூற்றிருபது கிலோமீட்டர், குறுகிய வளைவுகள், கல் பாவிய தெரு, மழை. ஆஸ்திரேலியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கி வாரத்துக்கு இரண்டு மூன்று என்று ஓட்டிக் கற்றிருக்கிறார்கள். பாரிஸ் அருகே ஏசிபிபி என்ற அமெச்சூர் கிளப்பில் சேர்ந்த ஆஸ்திரேலியாவின் ஃபில் ஆண்டர்சன், 1981 டூரில் மஞ்சள் ஜெர்சி அணிந்தார். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து அதை அணிந்த முதல் ஆள் அவர். அவர் எந்த மலையிலும் பிறக்கவில்லை, மெல்போர்னில் வளர்ந்தவர்.

இப்போது 2022 மார்ச் 27-க்கு வா. அதே கென்ட்–வெவெல்கெம், சுமார் 249 கிலோமீட்டர். கடைசியாகக் கெம்மல்பெர்க் மேட்டில் ஏறி இறங்கிய பிறகு லாபோர்ட், ஸ்டாய்வென், வான் கெஸ்டெல் ஆகிய மூவரோடு பினியம் முன்னால் பிரிந்தார். முடிவில் மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யாரும் எதிர்பாராத தூரத்திலேயே ஸ்பிரிண்டைத் தொடங்கி, லாபோர்ட்டைக் கடைசிவரை பக்கத்தில் வரவிடாமல் வென்றார். எப்போது கிளம்புவது என்ற அந்த முடிவில் நுரையீரலுக்கு என்ன வேலை? நான்கு ஆண்டுகளாகப் பிறர் உடம்பைப் படித்த கண்களுக்குத்தான் அதில் வேலை.

அதற்கடுத்து அவர் செய்ததை நீ அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒரு வாரத்தில் பெல்ஜியத்தின் பெரிய பந்தயமான ஃபிளாண்டர்ஸ் சுற்று. உலகமே அவரை அதில் எதிர்பார்த்தது. அவர் ஓட்டவில்லை. மூன்று மாதமாகப் பார்க்காத மனைவியையும் குழந்தையையும் பார்க்க, முன்பே போட்ட திட்டப்படி அஸ்மாராவுக்கு விமானம் ஏறினார். வெளிநாட்டுக்குப் போகும் பிள்ளைகளை மலையும் மழையும் தோற்கடிப்பதைவிடத் தனிமை தோற்கடிப்பதே அதிகம். புரியாத மொழியில் திட்டு, குளிர்ந்த அறை, பழகாத சாப்பாடு, விசாவுக்குக் காத்திருப்பு, தோற்றுவிட்டு வரும் மாலையில் பேச ஆளில்லாமை எல்லாம் சேர்ந்து கால்களைக் கரைக்கும். எப்போது திரும்பி வருவது என்பதையும் பயிற்சி அட்டவணையிலேயே எழுதி வைக்க வேண்டும். அது பலவீனம் என்று உனக்கு எவர் சொன்னாலும் காதில் வாங்காதே. மே மாதமே பினியம் திரும்பி வந்து இத்தாலியச் சுற்றில் யேசி ஊரில் வான் டெர் பூலைத் தோற்கடித்தார்.

உனக்கு இப்போது என்ன வேலை? வெளிநாட்டு அழைப்பு வரும்வரை காத்திருக்காதே. புல்தரையில் நண்பனோடு தோள் உரசி, கீழே விழாமல் ஓட்டப் பழகு. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் எத்தனையாவதாக வந்தாய் என்பதோடு, எந்தெந்தத் திருப்பத்தில் எத்தனையாவது வரிசையில் இருந்தாய் என்றும் எழுதி வை. பிரெஞ்சு மொழி கற்க இப்போதே தொடங்கு. பக்கக் காற்றைத் தேடி நீ பெல்ஜியம் போகவேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். உன் வள்ளியூரிலிருந்து எட்டும் தூரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அது உனக்கு இலவச ஆசிரியர். லாரி ஓடும் நான்குவழிச் சாலைப் பக்கம் போகாதே. வண்டி நடமாட்டமில்லாத கிராமத்துச் சாலையாகப் பார்த்து, பாதி அகலத்துக்குள் நான்கு பேராக விசிறி கட்டுங்கள். காற்றாலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முதலில் பார். பிறகு யார் எந்த விளிம்பு என்று பேசிக்கொள்ளுங்கள். நான்கு பேரும் ஒரு மணி நேரம் இடைவெளி விழாமல் மாறி மாறி ஓட்ட முடிந்ததும் எனக்கு எழுது. அடுத்து எட்டுப் பேருக்கான பாடத்தை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்