இந்த மாதப் பாடம்: பிள்ளை வாடினால் கேளுங்கள்



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசுகிறோம். பிள்ளைகளின் மனசைப் பற்றிப் பேசுவது குறைவு. இந்த மாதம் அதைப் பாடமாக எடுத்துக்கொள்வோம். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். கடைசியில் உள்ள கேள்விகளை எல்லோரும் பேசிப் பாருங்கள்.

ஏன் இந்தப் பாடம்?

2022-ல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்தது. அதில் 19,834 பேர் தமிழ்நாட்டவர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி நாம்தான். நாடு முழுவதும் இறந்தவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் மாணவ மாணவியர்.

நம் மாவட்டப் பிள்ளைகள் பார்த்ததும் கொஞ்சமல்ல. 2022 ஜூலையில் சின்னசேலம் பக்கம் ஒரு பள்ளி மாணவி இறந்தார். அதன்பின் கலவரம் நடந்தது. அந்த நாட்களில் போனில் வந்த படங்களை எல்லாம் நம் பிள்ளைகளும் பார்த்தார்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் தகப்பனை இழந்தார்கள். "சின்னப் பிள்ளைதானே, மறந்துடும்" என்று நாம் சொல்கிறோம். பிள்ளை மறப்பதில்லை, சொல்லாமல் இருக்கிறது.

ஒரு அத்தை கேட்டார்

கல்வராயன் மலையில் ஒரு கிராமம். கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "பத்தாவதுல என் பையனுக்கு ஒரு பாடம் போயிடுச்சு மேடம். ரெண்டு நாளா சோறு திங்கல. திமிருன்னு நெனச்சு நானும் திட்டிட்டேன். மூணாம் நாளு அவன் சட்டையெல்லாம் எடுத்து தம்பிகிட்ட குடுத்து, 'இனிமே நீயே போட்டுக்கடா'ன்னான். எனக்கு ஒண்ணும் தோணல. என் நாத்தனாருக்குத்தான் சுருக்குன்னுச்சு."

அந்த நாத்தனாரும் நம் குழு உறுப்பினர்தான். பையனைத் திண்ணையில் உட்கார வைத்து நேராகவே கேட்டிருக்கிறார்: "சாமி, செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?" பையன் அழுதுகொண்டே "ஆமா அத்தை" என்றான். அவர் திட்டவும் இல்லை, சத்தியம் வாங்கவும் இல்லை. ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தார். மறுநாள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பையன் துணைத்தேர்வு எழுதிப் பாஸ் செய்து, இப்போது ஐ.டி.ஐ. படிக்கிறான். அந்த அத்தை அஞ்சாவது வரைதான் படித்தவர்.

எதைக் கவனிக்க வேண்டும்?

• சாப்பாடு, தூக்கம் திடீரென்று மாறுவது.
• பேச்சு குறைவது, தனியே ஒதுங்குவது, பள்ளிக்குப் போக மறுப்பது.
• "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி" என்பது போன்ற பேச்சு.
• ஆசையாய் வைத்திருந்த பொருளைப் பிறருக்குக் கொடுப்பது.
• ஏற்கெனவே ஒருமுறை முயன்றிருப்பது. இது பெரிய எச்சரிக்கை.

ரிசல்ட் வரும் நாட்களில் மட்டும் பார்த்தால் போதாது. காதல் விஷயம் தெரிந்து வீட்டில் அடி வாங்கிய பெண், படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசப்படும் பெண், யாரோ தொல்லை கொடுப்பதை வெளியே சொல்ல முடியாத பெண், கேரளாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வந்து யாரோடும் பேசாத பையன் ஆகியோரையும் பாருங்கள்.

எப்படிக் கேட்பது?

"கேட்டா நாமே புத்தியில ஏத்துன மாதிரி ஆயிடாதா?" என்று பல கூட்டங்களில் கேட்டிருக்கிறார்கள். ஆகாது. நேராகக் கேட்டால் பிள்ளைக்குப் பாரம்தான் குறையும். "பக்கத்து வீட்டுப் பொண்ணைப் பாரு" என்று ஒப்பிட வேண்டாம். "உனக்கு என்ன கொறச்சல்?" என்றும் கேட்க வேண்டாம். "சொல்லு கண்ணு, நான் கேக்கறேன்" என்றால் போதும். ஆமாம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கெஞ்சினாலும், உதவி செய்யக்கூடிய ஒரு பெரியவருக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பூச்சிமருந்து எங்கே இருக்கிறது?

மக்காச்சோளம், பருத்தி, மரவள்ளி போடும் வீடுகளில் மருந்து கட்டிலடியிலும் பரண்மேலும் கிடக்கிறது. சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் தப்பும்.

நம் பக்கத்து கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் சிநேகா அமைப்பினர் ஊர்மக்களோடு சேர்ந்து பூச்சிமருந்துக்குப் பொதுச் சேமிப்பு அறை கட்டினார்கள். அதில் ஒவ்வொரு விவசாயிக்கும் பூட்டுச் சாவியோடு தனிப் பெட்டி இருந்தது. மக்கள் அதை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தினார்கள். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. 1995-க்குப் பிறகு அங்கே தற்கொலை விகிதம் பாதிக்கும் மேல் குறைந்தது. நம்மால் உடனே முடிந்தது ஒரு பெட்டியும் ஒரு பூட்டும். சாவி பெரியவர் கையில் இருக்கட்டும். மிச்ச மருந்தை வீட்டில் வைக்காதீர்கள்.

யாராவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

"போலீஸ் கேஸ் ஆயிடுமே" என்ற பயம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அவருக்குத் தண்டனை இல்லை. சிகிச்சையும் பராமரிப்பும் கொடுப்பது அரசின் கடமை.

யாரிடம் போவது?

• 14416: அரசின் மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.
• 104: அரசு சுகாதார உதவி எண்.
• 1098: குழந்தைகள் உதவி எண். 18 வயதுக்கு முன் கல்யாணம், தொல்லை எதுவானாலும் சொல்லலாம்.
• 044-24640050: சிநேகா. 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பு.
• ஆரம்ப சுகாதார நிலையம், கிராம செவிலியர், சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

மலையில் சிக்னல் கிடைக்காத ஊர்களில் எந்த இடத்தில் போன் எடுக்கும், ராத்திரியில் யார் வண்டி கிடைக்கும் என்று முன்னாடியே பேசி வையுங்கள்.

குழுவில் பேச

1. நம் தெருவில் இந்த வருஷம் பரீட்சை எழுதும் பிள்ளைகள் யார் யார்? ரிசல்ட் அன்று எந்த வீட்டுக்கு யார் போவது?
2. யார் வீட்டில் மருந்து பூட்டாமல் இருக்கிறது? பெட்டி வாங்கக் குழுவிலிருந்து உள்கடன் கொடுக்கலாமா?
3. ஏற்கெனவே ஒரு பிள்ளையை இழந்த வீடு நம் ஊரில் இருந்தால், அந்த அம்மாவைப் பார்த்து எத்தனை நாளாயிற்று?

மூன்றாவது கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். காரணம் விசாரிக்காமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். முடிவுகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பேன்.