கையிலிருக்கும் நூலகம்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின், அந்தச் சேகரிப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று அப்படி அலைய வேண்டியதில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் கைப்பேசியிலேயே இலவசமாக வாசிக்கலாம்.

ஆனால், வாசிக்கிறோமா? ஒரு பக்கம் முடியுமுன் வாட்ஸ்அப் ஒலிக்கிறது; கவனம் சிதறுகிறது; படித்தது மனதில் தங்குவதில்லை. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பிறருக்கு அனுப்புகிறோம். பிள்ளைகளும் நம்மைப் பார்த்தே பழகுகிறார்கள்.

வஹீயின் முதல் கட்டளையே ஓதுதல்தான். எனவே பெற்றோர்களே, மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம் இணையத்தை அணைத்துவிடுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒரு நூலைச் சத்தமாக வாசியுங்கள். முடித்ததும், என்ன விளங்கியது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.