ஈரச் சுவரும் உலர்ந்த சுவரும்

இத்தாலி நாட்டு ஓவியர் சுவரில் தீட்டும்போது, ஈரம் உலராத சுண்ணச்சாந்தின்மீது நீரில் குழைத்த வண்ணங்களைப் பூசினர். சாந்து இறுகும்போது வண்ணத்தையும் தன்னுள் பிணைத்துக்கொள்ளும். ஆதலின் அன்றன்று தீட்டக்கூடிய அளவே சாந்து பூசுவர். பிழை நேர்ந்தால் அப்பகுதியைக் கொத்தி எடுக்கவேண்டியதுதான்.

லியொனார்டோ டா வின்சிக்கு இவ்விரைவு ஒவ்வவில்லை. சில நாள் விடியல்முதல் மாலைவரை தூரிகையைக் கீழே வையார். சில நாள் ஓவியத்தை நோக்கி நின்றுவிட்டுத் திரும்பிவிடுவார். எனவே, மிலான் நகர மடமொன்றின் உணவுக்கூடத்தில் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தை 1495 அளவில் தொடங்கியபோது, உலர்ந்த சுவரின்மீதே தீட்டினார். சீடர் பன்னிருவர் முகங்களில் தோன்றும் திகைப்பும் சினமும் அச்சமும் அந்நிதானம் தந்தவை. ஆயினும், அவர் வாழ்நாளிலேயே வண்ணம் உதிரத் தொடங்கியது.

1652இல் அச்சுவரில் வாயிலுக்காக இடித்தபோது இயேசுவின் பாதங்கள் அழிந்தன. இடித்தவர்கள் மடத்தாரே! 1943இல் குண்டுவீச்சில் கூடத்தின் கூரை சரிந்தது; மணல்மூட்டைகள் காத்த ஓவியச்சுவர் நின்றது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த சீரமைப்பு 1999இல் நிறைவுற்றது. இன்று ஒருமுறைக்குச் சிலரே, அதுவும் கால்மணி நேரமே, உள்ளே நின்று காணலாம்.

சிந்தித்து எழுதுக: உலர்ந்த சுவரில் தீட்டியதால் லியொனார்டோ பெற்றது யாது? இழந்தது யாது?