விருந்தில் ஒரு கோப்பை: அதன் உண்மையான விலை என்ன?



திருவள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமையை அங்கே வைக்கவில்லை. அதைப் பொருட்பாலில் 93ஆம் அதிகாரமாக வைத்து, அடுத்த அதிகாரமாகச் சூதை வைத்தார். காரணத்தைத் தமிழறிஞர்கள் விளக்கட்டும். கணக்கெழுதும் தொழில் செய்யும் எனக்கு அந்த இடம் மிகப் பொருத்தமாகவே தோன்றுகிறது. குடியை ஒழுக்கக் கேள்வியாகப் பேசினால் வீட்டில் சண்டை வருகிறது. பணக் கேள்வியாகப் பேசினால் ஒரு பென்சிலும் கடதாசியும் போதும்.

இக்கட்டுரை வீட்டில் தனியாகக் குடிப்பவரைப் பற்றியதன்று. வேலைத்தலத்து நண்பர்களுடன் உணவகத்துக்குப் போகும்போதும், எம்மவரின் பிறந்தநாள், திருமண விருந்துகளிலும், "எல்லாரும் எடுக்கிறார்கள், நான் மட்டும் எடுக்காமல் இருந்தால் என்ன நினைப்பார்கள்" என்று ஒரு கோப்பையைக் கையில் எடுப்பவரைப் பற்றியது. எம்மில் பெரும்பாலோர் இந்த வகையினர்தான். கீழேயுள்ள கணக்குகள் நாம் வாழும் ஒன்ராறியோ மாகாணத்துக்குரியவை. உணவு, மது ஆகியவற்றின் விலைகளை உதாரணத்துக்காக எடுத்திருக்கிறேன். உங்கள் பில்லில் உள்ள விலைகளைப் போட்டுப் பாருங்கள்.

1. ஒரு கோப்பையின் விலை

உணவகத்தின் விலைப்பட்டியலில் ஒரு கிளாஸ் வைன் 12 டொலர் என்று இருக்கிறது. அது நாம் கொடுக்கும் விலையன்று. 13 வீத விற்பனை வரி 1 டொலர் 56 சதம். 18 வீத டிப்ஸ் 2 டொலர் 16 சதம். ஆகக் கூடுதல் 15 டொலர் 72 சதம். சில இடங்களில் அட்டை இயந்திரம் வரியையும் சேர்த்த தொகைக்கே டிப்ஸ் கணக்கிடும். அப்போது இன்னும் சில சதங்கள் ஏறும்.

இத்துடன் கணக்கு முடியவில்லை. இந்தப் பணம் வருமான வரி கட்டிய பின் கையில் மிஞ்சும் பணம். ஒன்ராறியோவில் வருடம் 60,000 முதல் 90,000 டொலர் வரை வரிக்குரிய வருமானம் உள்ள ஒருவர், மேலதிகமாக உழைக்கும் ஒவ்வொரு டொலரிலும் ஏறக்குறைய 30 சதத்தை வருமான வரியாகக் கொடுக்கிறார். ஆகவே 15 டொலர் 72 சதம் கையில் மிஞ்ச வேண்டுமானால் அவர் 22 டொலருக்கு மேல் உழைக்க வேண்டும். மணித்தியாலத்துக்கு 30 டொலர் பெறுபவருக்கு அது முக்கால் மணித்தியால வேலை. அந்தக் கோப்பை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

2. சமமாகப் பிரிக்கும் பில்

"நான் குடிப்பதில்லை, ஆகவே எனக்கு இந்தச் செலவு இல்லை" என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

ஆறு பேர் சாப்பிடப் போகிறார்கள். தலைக்கு 30 டொலர் சாப்பாடு. நால்வர் இரண்டு கோப்பை வீதம் குடிக்கிறார்கள். இருவர் தண்ணீரோடு நிற்கிறார்கள்.

சாப்பாடு: 180 டொலர்
மது, எட்டுக் கோப்பை: 96 டொலர்
வரி 13 வீதம்: 35.88 டொலர்
டிப்ஸ் 18 வீதம்: 49.68 டொலர்
மொத்தம்: 361.56 டொலர்

ஆறாகப் பிரித்தால் தலைக்கு 60 டொலர் 26 சதம். தண்ணீர் குடித்தவரின் உண்மையான பங்கு, வரியும் டிப்ஸும் உட்பட, 39 டொலர் 30 சதம் மட்டுமே. அவர் மேலதிகமாக 20 டொலர் 96 சதம் கொடுத்திருக்கிறார். அதாவது ஒரு கோப்பைக்கும் கூடிய விலையைக் கொடுத்து, ஒரு துளியும் குடிக்காமல் வீட்டுக்குப் போகிறார்.

ஆகவே கோப்பையைத் தவிர்ப்பது பாதி வேலைதான். மற்றப் பாதி, பில்லைத் தனியாகக் கேட்பது. இந்நாட்டு உணவகங்களில் பரிசாரகர்களே "சேர்த்தா, தனித்தனியாகவா?" என்று கேட்பது வழக்கம். அது இங்கே மரியாதைக் குறைவன்று. ஆனால் சாப்பாட்டுக்கு ஓடர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சாப்பிட்டு முடிந்த பின் மேசையில் கணக்குப் பார்த்தால்தான் முகங்கள் சுளிக்கும்.

3. ஒரு வருடக் கணக்கு

மாதம் இரண்டு விருந்து, விருந்துக்கு இரண்டு கோப்பை என்று வைப்போம். இது குடிகாரனின் கணக்கன்று, மிக அடக்கமான கணக்கு. வருடத்துக்கு 48 கோப்பை. 48 ஐ 15.72 ஆல் பெருக்கினால் 754 டொலர் 56 சதம். கணவன் மனைவி இருவரும் எடுத்தால் இரட்டிப்பு.

மிச்சப்படுத்திய பணம் தானாக மிச்சமாக நிற்பதில்லை. வங்கிக் கணக்கில் கிடந்தால் வேறு வழியில் போய்விடும். ஆகவே விருந்து முடிந்த அதே கிழமையில் அதற்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும். பிள்ளை உள்ளவர்களுக்கு நல்ல இடம் பதிவுசெய்யப்பட்ட கல்விச் சேமிப்புத் திட்டம். 1998இலிருந்து மத்திய அரசாங்கம் இதற்கு மானியம் வழங்குகிறது. ஒரு பிள்ளைக்கு வருடம் போடும் முதல் 2,500 டொலருக்கு 20 வீதம், அதாவது 500 டொலர் வரை கிடைக்கும். ஒரு பிள்ளையின் ஆயுள்கால எல்லை 7,200 டொலர்.

மேற்சொன்ன 754 டொலர் 56 சதத்தை அதில் போட்டால் அரசாங்கம் 150 டொலர் 91 சதம் சேர்க்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்து வருடம் தொடர்ந்து போட்டால், வட்டியோ முதலீட்டு இலாபமோ சேராமலே, 9,000 டொலருக்கு மேல் நிற்கும். ஏற்கனவே வருடம் 2,500 டொலர் போடுபவர்களுக்கு இந்த மேலதிக மானியம் கிடையாது. அவர்கள் கடனட்டைப் பாக்கியைக் கட்டட்டும், அல்லது ஊரில் உள்ள தாய் தந்தையரின் மருந்துச் செலவுக்கு அனுப்பட்டும்.

எம்மில் பலரை அனுப்பிவைக்க ஊரில் காணி ஈடு வைக்கப்பட்டது, தாலிக்கொடி விற்கப்பட்டது. அந்தக் கடனை அடைக்க இரண்டு வேலை செய்தவர்கள் நாங்கள். ஒரு டொலர் எங்கிருந்து வருகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே போகிறது என்பதைத்தான் எழுதிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

4. மறுப்பது எப்படி?

கோப்பையை விடச் சொல்கிறேனே தவிர விருந்தை விடச் சொல்லவில்லை. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று வேலைத்தலத்து விருந்துகளுக்குப் போகாமல் இருப்பது தவறான சிக்கனம். புதிய நாட்டில் நட்பும், வேலை பற்றிய செய்தியும், உத்தியோக உயர்வும் அந்த மேசைகளில்தான் பல தடவை கிடைக்கின்றன. அவற்றைத் தருவது உங்கள் பேச்சும் சிரிப்பும். கிளாசில் என்ன இருக்கிறது என்று எவரும் நெடுநேரம் பார்ப்பதில்லை.

உணவகத்தில் உட்கார்ந்தவுடன், சாப்பாட்டுப் பட்டியலைப் பார்க்கும் முன்பே, "குடிக்க என்ன?" என்று கேட்பார்கள். பதில் ஆயத்தமாக இல்லாதவர்தான் அடுத்தவர் சொன்னதைத் தானும் சொல்லிவிடுவார். குழாய்த் தண்ணீருக்குக் காசில்லை. வேறு ஏதாவது வேண்டுமென்றால் ஜிஞ்சர் பியர் கேளுங்கள், அதன் விலை மதுவின் விலையில் ஒரு பங்குதான். விளக்கம் சொல்லத் தேவையில்லை. "நான் கார் ஓட வேண்டும்" என்பது எல்லோரும் ஏற்கும் பதில். இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 ஐத் தொட்டாலே ஒன்ராறியோவில் சாரதி அனுமதிப்பத்திரம் சில நாட்களுக்குப் பறிபோகும், முதல் தடவைக்கே 250 டொலர் தண்டம் கட்ட வேண்டும்.

எம்மவரிடம் மறுப்பதுதான் கடினம். "என்ன தம்பி, பெரிய ஆளாகிவிட்டாயோ?" என்ற பேச்சு வரும். அப்போது சிரித்துக்கொண்டே, "அண்ணை, எனக்கு இண்டைக்கு வேண்டாம், நீங்கள் எடுங்கோ" என்று சொல்லி, அவருக்குப் பக்கத்திலேயே இருந்து கதையுங்கள். எழுந்து போனால்தான் அவருக்கு மனம் நோகும்.

5. விருந்து வைப்பவர்களுக்கு

இன்று பிள்ளையின் பிறந்தநாள் மண்டபத்திலும் மது வைக்காவிட்டால் குறை சொல்வார்கள் என்ற பயம் இருக்கிறது. நாற்பது பேர் தலைக்கு மூன்று கோப்பை, ஒன்று 9 டொலர் வீதம் எடுத்தால், வரியுடன் 1,220 டொலர் 40 சதம். மண்டபத்துக்கு மது உரிமம் இல்லாவிட்டால் விசேட வைபவ அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டும். இந்தச் செலவுக்காகச் சீட்டை முன்கூட்டிக் கழிவுக்கு எடுப்பவர்களும் உண்டு. வந்தவர்கள் மறுநாள் பேசுவது சாப்பாட்டின் ருசியைப் பற்றி. ஒருவர் துணிந்து நிறுத்தினால், அடுத்த விருந்து வைக்கும் ஏழைக் குடும்பத்தின் தோளிலிருந்தும் ஒரு பாரம் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவருக்கு இது சேமிப்புப் பாடமன்று, அது நோய். அப்படிப்பட்டவர் திடீரென நிறுத்துவது உடலுக்கு ஆபத்தாகலாம். குடும்ப வைத்தியரிடம் முதலில் போக வேண்டும்.

பயிற்சி

1. கடந்த மூன்று மாதக் கடனட்டைக் கணக்கை எடுத்து, உணவகச் செலவுகளை மட்டும் அடிக்கோடிடுக.
2. நினைவில் உள்ள மதுக் கோப்பைகளை எண்ணி, விலையை 1.31 ஆல் பெருக்குக. வரியும் டிப்ஸும் அதில் அடங்கும்.
3. வந்த தொகையை நான்கால் பெருக்கினால் ஒரு வருடச் செலவு. அதை வீட்டில் பிள்ளைகளுக்கும் காட்டி, அந்தப் பணத்துக்கு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அவர்களிடம் நல்ல பதில் இருக்கும்.